பி.சி.ஜி. தடுப்பூசி: செங்கல்பட்டு ஆய்வும் அதன் பின் எழுந்த மரபணு ஆராய்ச்சியும்

தமிழ்நாட்டில் பிறந்த பெரும்பாலோரின் இடது மேற்கையில் சிறிய வட்டத் தழும்பு ஒன்று இருக்கும். விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளில் குழந்தை பிறந்தவுடன் போடப்படும் பி.சி.ஜி. ஊசியின் அடையாளம் அது. காசநோயைத் தடுப்பதற்காக உருவாக்கப்பட்ட இந்த ஊசி உண்மையில் எந்த அளவுக்குப் பயன் தருகிறது என்பதைக் கண்டறிய உலகிலேயே மிகப் பெரிய கள ஆய்வு நடைபெற்ற இடம் அன்றைய செங்கல்பட்டு மாவட்டம். திண்டிவனத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அச்சிறுப்பாக்கத்தைத் தொட்டாலே அந்தப் பழைய மாவட்டம் தொடங்கிவிடும்.

ஆய்வின் முடிவு யாரும் எதிர்பாராததாக இருந்தது. ஒரே மருந்து ஒரு நாட்டில் பலன் தந்து மற்றொரு நாட்டில் பலன் தராமல் போவது ஏன் என்ற கேள்வியை அது எழுப்பியது. அந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் நுண்ணுயிரின் மரபணுக்களையும் மனிதரின் மரபணுக்களையும் ஆராய வேண்டியதாயிற்று. இதற்கிடையில் அதே ஊசிமருந்து புற்றுநோய்க்கு மருந்தாகவும் மாறியது.

பி.சி.ஜி.யின் தோற்றம்

பிரான்சு நாட்டின் லீல் நகரில் இருந்த பாஸ்டர் நிறுவனத்தில் ஆல்பர்ட் கால்மெட், காமில் கெரென் ஆகிய இருவரும் 1908-ஆம் ஆண்டு ஒரு முயற்சியைத் தொடங்கினர். மாடுகளுக்குக் காசநோயை உண்டாக்கும் நுண்ணுயிரை எடுத்து, உருளைக்கிழங்கு, கிளிசரின், மாட்டுப் பித்தநீர் கலந்த ஊடகத்தில் வளர்த்தனர். சுமார் மூன்று வாரங்களுக்கு ஒரு முறை புதிய ஊடகத்துக்கு மாற்றினர். இப்படி 230 முறை மாற்றி 13 ஆண்டுகள் வளர்த்த பின், அந்த நுண்ணுயிர் விலங்குகளுக்கு நோய் உண்டாக்கும் வலிமையை இழந்திருந்தது. 'கால்மெட்-கெரென் பாசில்லசு' என்பதன் பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகளே பி.சி.ஜி.

1921-இல் பாரிசு நகரில், காசநோயால் தாயை இழந்த ஒரு கைக்குழந்தைக்கு இம்மருந்து முதன்முதலாக வாய்வழியே கொடுக்கப்பட்டது. குழந்தைக்கு நோய் வரவில்லை. ஆனால் 1930-இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் பெரும் துயரம் நேர்ந்தது. அங்கு தயாரித்த மருந்தில் வீரியமுள்ள காசநோய் நுண்ணுயிர் கலந்துவிட்டதால் 72 குழந்தைகள் இறந்தனர். குற்றம் பி.சி.ஜி.யின் மீது இல்லை, ஆய்வகத்தின் கவனக்குறைவே காரணம் என்று பின்னர் தெளிவானது. எனினும் உயிருள்ள நுண்ணுயிரைக் குழந்தைகளின் உடலில் செலுத்துவது பற்றிய அச்சம் நெடுநாள் நீடித்தது.

கிண்டி ஆய்வகம்

விடுதலை பெற்ற காலத்தில் இந்தியாவில் காசநோய்க்கு எளிதில் கிடைக்கும் மருந்து எதுவும் இல்லை. தாம்பரம், மதனப்பள்ளி போன்ற இடங்களில் இருந்த காசநோய் மருத்துவமனைகளின் படுக்கைகள் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன் மிகச் சிறியவை. எனவே தடுப்பூசியே வழி என்று அரசு கருதியது. 1948-இல் சென்னை கிண்டியில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் நிறுவப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் மதனப்பள்ளியில் ஊசி போடும் பணி தொடங்கியது. யுனிசெப் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் துணை நின்றன. 1951 முதல் நாடு தழுவிய இயக்கமாக அது விரிந்தது. பள்ளிக்கூடங்களுக்கும் சிற்றூர்களுக்கும் குழுக்கள் சென்று, முதலில் டியூபர்குலின் சோதனை செய்து, காசநோய்க் கிருமி தொற்றாதவர்களுக்கு மட்டும் ஊசி போட்டன.

ராஜாஜியின் எதிர்ப்பு

இந்த இயக்கத்துக்கு மிக வலுவான எதிர்ப்பு சென்னை மாநிலத்திலிருந்தே வந்தது. முதலமைச்சர் பதவியிலிருந்து 1954-இல் விலகியிருந்த ராஜாஜி, 1955-இல் பி.சி.ஜி.யைத் தாம் ஏன் எதிர்க்கிறார் என்பதை விளக்கி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். பயன் உறுதியாக நிறுவப்படாத ஒன்றை இலட்சக்கணக்கான குழந்தைகளின் உடலில் செலுத்துவது முறையா என்பது அவர் கேள்வி. ஊசி போட்ட பின் குழந்தைகளுக்குத் தீங்கு நேர்ந்ததாக வந்த செய்திகளையும் அவர் எடுத்துக்காட்டினார். மத்திய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌரும் காசநோய் ஆலோசகர் பி.வி. பெஞ்சமினும் இயக்கத்துக்காக வாதாடினர்.

பி.சி.ஜி. பரவலாகத் தீங்கு செய்கிறது என்ற அச்சத்துக்குப் பிற்கால ஆய்வுகள் ஆதரவு தரவில்லை. ஆனால் இந்த மண்ணில் இந்த மக்களிடம் அது பயன் தருகிறது என்பதற்குச் சான்று எங்கே என்ற கேள்வி நியாயமானது. அன்றைக்கு அதற்கு உறுதியான விடை யாரிடமும் இல்லை. பிரிட்டனில் 1950-களின் தொடக்கத்தில் பள்ளி முடிக்கும் வயதினர் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் தொடங்கிய ஆய்வில் ஏறத்தாழ 80 விழுக்காடு பாதுகாப்பு காணப்பட்டது. அமெரிக்காவின் தென்மாநிலங்களான ஜார்ஜியா, அலபாமா ஆகியவற்றில் நடந்த ஆய்விலோ 14 விழுக்காடு மட்டுமே. இந்தியாவுக்கு எது பொருந்தும் என்று ஊகித்துச் சொல்ல இயலாத நிலை.

செங்கல்பட்டு ஆய்வு

இந்த ஐயத்தைத் தீர்க்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஆகியவை இணைந்து 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் பெரும் ஆய்வைத் தொடங்கின. ஆய்வுப் பகுதி சென்னைக்கு மேற்கே, திருவள்ளூரை ஒட்டி இருந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் அதில் அடங்கின.

வீடு வீடாகச் சென்று 3,66,625 பேர் பதிவு செய்யப்பட்டனர். 1971-க்குள் 2,81,161 பேருக்கு ஊசி போடப்பட்டது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு பி.சி.ஜி.யும், எஞ்சியோருக்கு மருந்தில்லாத வெற்று ஊசியும் செலுத்தப்பட்டன. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது, பின்னர் நோயைக் கண்டறிந்தவருக்கும் தெரியாது. ஒருவரின் விருப்பமோ நம்பிக்கையோ கணக்கில் கலந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. பி.சி.ஜி.யிலும் பிரெஞ்சு வகை, டேனிசு வகை என இரண்டும், அவை ஒவ்வொன்றிலும் 0.1 மில்லிகிராம், 0.01 மில்லிகிராம் என இரு அளவுகளும் பயன்படுத்தப்பட்டன.

ஊசியோடு பணி முடிந்துவிடவில்லை. இரண்டரை ஆண்டுகளுக்கு ஒரு முறை ஆய்வுக் குழுவினர் அதே ஊர்களுக்குத் திரும்பி வந்தனர். மார்பு எக்ஸ்ரே எடுத்து, ஐயத்துக்குரியவர்களின் சளியைச் சோதித்தனர். உழவு வேலைக்கும் கூலி வேலைக்கும் செல்லும் மக்கள் ஒவ்வொரு சுற்றிலும் ஒத்துழைத்ததால்தான் இவ்வளவு பெரிய கணக்கை ஆண்டுக்கணக்கில் தொடர முடிந்தது.

முடிவு

ஏழரை ஆண்டுகளின் கணக்கு 1979-இல் வெளியானது. பி.சி.ஜி. போட்டுக்கொண்டவர்களுக்கும் வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் இடையே நுரையீரல் காசநோய் வருவதில் வேறுபாடு இல்லை. பாதுகாப்பு என்று சொல்ல எதுவும் தென்படவில்லை.

ஆய்வு பிழையாக நடந்திருக்கலாம், மருந்து வீரியம் குன்றியிருக்கலாம் என்று பலரும் ஐயுற்றனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் வல்லுநர் குழுக்களைக் கொண்டு எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்தன. ஆய்வு முறையாகவே நடந்திருந்தது. பதினைந்து ஆண்டுகளின் முழுக் கணக்கு 1999-இல் வெளிவந்தபோதும் பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்பதே உறுதியானது. சிறுவர்களிடம் 27 விழுக்காடு என்ற சிறிய பாதுகாப்பு தெரிந்தது. புள்ளியியல் கணக்குப்படி அதையும் உறுதியானது என்று கொள்ள முடியாது.

அப்படியானால் ஊசியை நிறுத்திவிட்டார்களா? இல்லை. அதற்கும் காரணம் உண்டு. இந்த ஆய்வு பெரும்பாலும் வளர்ந்தவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயையே அளந்தது. கைக்குழந்தைகளைக் கொல்லும் மூளை உறைக் காசநோய், உடல் முழுதும் பரவும் காசநோய் ஆகியவற்றை அது அளக்கவில்லை. பிற ஆய்வுகள் இக்கொடிய வகைகளிலிருந்து பி.சி.ஜி. குழந்தைகளைப் பெருமளவு காக்கிறது என்று காட்டின. ஆகவே எல்லா வயதினருக்கும் ஊசி என்ற கொள்கை மாறி, பிறந்த குழந்தைக்கு ஊசி என்பது நிலைத்தது. பெரியவர்களைப் பொறுத்தவரை, நோயாளியைக் கண்டறிந்து மருந்து கொடுத்துக் குணப்படுத்துவதே பரவலைத் தடுக்கும் வழி என்பதும் தெளிவாயிற்று.

ஏன் பயன் தரவில்லை?

முதலில் முன்வைக்கப்பட்ட விளக்கம் மண்ணையும் நீரையும் பற்றியது. காசநோய் நுண்ணுயிரின் உறவினங்கள் பல, நோய் செய்யாமல் மண்ணிலும் குளத்திலும் வாழ்கின்றன. வெப்பமான நாடுகளில் இவை மிகுதி. செங்கல்பட்டு மக்களில் பெரும்பாலோரின் உடல் இத்தகைய நுண்ணுயிர்களை ஏற்கெனவே சந்தித்திருந்தது என்பதைத் தோல் சோதனைகள் காட்டின. ஏற்கெனவே ஓரளவு பழகிய உடலுக்கு பி.சி.ஜி. புதிதாக எதையும் கற்பிக்கவில்லை என்பது இக்கருத்து. பின்னர் பிரிட்டனையும் ஆப்பிரிக்காவின் மலாவியையும் ஒப்பிட்ட ஆய்வு இதற்கு வலு சேர்த்தது. ஊசிக்குப் பின் நோயெதிர்ப்பு வினை பிரிட்டன் இளைஞர்களிடம் பெரிதும் உயர்ந்தது. மலாவியில் அது முன்பே உயர்ந்திருந்ததால் சிறிதளவே கூடியது.

தென்னிந்தியாவில் பரவிய காசநோய் நுண்ணுயிர் வகையும் வேறுபட்டது. சென்னை நோயாளிகளிடமிருந்து எடுத்த நுண்ணுயிர்களில் பல, கினிப் பன்றிகளிடம் பிரிட்டிசு வகைகளைவிடக் குறைந்த வீரியம் காட்டின. இவ்விரண்டு விளக்கங்களுக்கு அப்பால் மீதமிருந்தவை இரண்டு: ஊசியில் உள்ள நுண்ணுயிரின் மரபணு, ஊசி போட்டுக்கொள்ளும் மனிதரின் மரபணு.

நுண்ணுயிர் இழந்த மரபணுக்கள்

கால்மெட்டும் கெரெனும் 13 ஆண்டுகள் வளர்த்தபோது அந்த நுண்ணுயிருக்கு என்ன ஆயிற்று என்பது அவர்களுக்கே தெரியாது. 1990-களில்தான் விடை கிடைத்தது. காசநோய் நுண்ணுயிரில் உள்ள ஒரு மரபணுத் தொகுதி, எல்லா பி.சி.ஜி. வகைகளிலும் காணாமல் போயிருந்தது. ஆர்.டி.1 எனப்படும் அப்பகுதியில் 9 மரபணுக்கள் அடங்கும். நுண்ணுயிர் மனித அணுவுக்குள் ஊடுருவி நிலைகொள்ளத் தேவையான புரதங்கள் அங்கிருந்தே உருவாகின்றன. அவற்றை இழந்ததால்தான் பி.சி.ஜி. சாதுவானது.

இழப்பு அத்துடன் நிற்கவில்லை. பல நாடுகளின் ஆய்வகங்கள் தனித்தனியே வளர்த்து வந்ததால் ஒவ்வொரு வகையும் மேலும் சில மரபணுக்களை இழந்தது. ஒரே பெயரில் வழங்கும் மருந்து உண்மையில் ஒன்றல்ல என்பது இதனால் தெரிந்தது. இக்கண்டுபிடிப்பால் நடைமுறைப் பயனும் உண்டு. பி.சி.ஜி.யில் இல்லாத அப்புரதங்களைக் கொண்டு புதிய சோதனைகள் உருவாக்கப்பட்டன. பழைய டியூபர்குலின் சோதனையால் ஊசி போட்டவரையும் கிருமி தொற்றியவரையும் பிரித்தறிய இயலாது, புதியவற்றால் இயலும்.

மனிதரின் மரபணு

ஒரே வீட்டில் காசநோயாளியோடு வாழும் ஐந்து பேரில் ஒருவருக்கு நோய் வருவதும் மற்றவர்கள் நலமாக இருப்பதும் எல்லாரும் அறிந்ததே. உணவு, உடல்நிலை, சர்க்கரை நோய், புகைப்பழக்கம் ஆகியவற்றோடு மரபும் இதில் பங்கு கொள்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் நோயெதிர்ப்பியல் துறையில் பிச்சப்பன் குழுவினரும், சென்னையில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனப்படும் மையத்தின் அறிவியலாளர்களும் இத்துறையில் முன்னோடிகள். எச்.எல்.ஏ. என்னும் மரபணுத் தொகுதியை அவர்கள் ஆராய்ந்தனர். உடலுக்குள் புகுந்த அன்னியப் பொருளின் துண்டுகளை நோயெதிர்ப்பு அணுக்களுக்கு எடுத்துக் காட்டும் புரதங்களை இத்தொகுதியே உருவாக்குகிறது. அதன் ஒரு வகையான டி.ஆர்.2, தமிழ்நாட்டின் நுரையீரல் காசநோயாளிகளிடம் மற்றவர்களைவிட மிகுதியாகக் காணப்பட்டது. அவ்வகை உள்ளவருக்கெல்லாம் நோய் வரும் என்பது இதன் பொருளன்று. நோயின் பக்கம் சிறு சாய்வு இருக்கிறது என்பதே பொருள்.

மரபணுவின் பங்கை ஐயமறக் காட்டிய சான்று 1996-இல் கிடைத்தது. பி.சி.ஜி. போட்ட பின் அந்தச் சாதுவான நுண்ணுயிரே உடல் முழுதும் பரவி மிக அரிதாகச் சில குழந்தைகள் இறந்தது முன்பே அறியப்பட்டிருந்தது. அத்தகைய குழந்தைகளிடம் இண்டர்பெரான்-காமா என்னும் செய்திப் பொருளை ஏற்கும் புரதத்தின் மரபணுவில் பழுது இருப்பது கண்டறியப்பட்டது. நுண்ணுயிரை விழுங்கிய அணு அதைக் கொல்ல வேண்டுமானால் இச்செய்தி வந்து சேர வேண்டும். செய்தி சேராத உடலில் சாதுவான நுண்ணுயிரும் கொல்லும் நுண்ணுயிராகிறது.

இவ்வகைப் பழுதுகள் பல, தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுள்ள மரபணு வந்தால் மட்டுமே வெளிப்படும். அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கமுள்ள தமிழ்க் குடும்பங்களில் இது கவனிக்கத்தக்கது. முந்தைய குழந்தை பி.சி.ஜி.க்குப் பின் கடும் நோயுற்றோ, சிறு வயதில் ஓயாத தொற்றுகளாலோ இறந்திருந்தால், அடுத்த குழந்தைக்கு ஊசி போடும் முன் மருத்துவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். ராஜாஜி காலத்தில் வெறும் வதந்திக்கும் மறுப்புக்கும் இடையே கிடந்த ஒரு செய்தியை, எந்தக் குழந்தைக்கு ஏன் ஆபத்து என்று பிரித்துச் சொல்லும் நிலைக்கு மரபணு ஆராய்ச்சி கொண்டுவந்தது.

புற்றுநோய் மருத்துவத்தில் பி.சி.ஜி.

காசநோயும் புற்றுநோயும் ஒருவரிடம் சேர்ந்து காணப்படுவது குறைவு என்று 1929-இல் அமெரிக்கர் ரேமண்ட் பேர்ல் பிணக்கூறாய்வுகளைக் கொண்டு எழுதினார். 1959-இல் லாயிட் ஓல்டு குழுவினர், பி.சி.ஜி. செலுத்திய எலிகளில் புற்றுக்கட்டி வளர்வது தடைப்படுவதைக் காட்டினர். 1976-இல் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் அல்வாரோ மொராலசு, சிறுநீர்ப்பையின் உட்சவ்வில் மேலோட்டமாகப் புற்றுநோய் கொண்ட 9 நோயாளிகளுக்கு, குழாய் வழியே சிறுநீர்ப்பைக்குள் பி.சி.ஜி.யைச் செலுத்தினார். வாரம் ஒரு முறை என ஆறு வாரங்கள். கட்டி திரும்பத் திரும்ப வருவது குறைந்தது. 1990-இல் அமெரிக்க அரசு இம்முறைக்கு ஒப்புதல் அளித்தது. தசைக்குள் பரவாத, ஆனால் திரும்பி வரும் ஆபத்து மிகுந்த சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு இன்றும் இதுவே முதன்மையான மருத்துவம்.

பி.சி.ஜி. நுண்ணுயிர் புற்றணுவை நேரடியாகத் தாக்கி அழிப்பதைவிடச் சிறுநீர்ப்பையின் சுவரில் கடும் அழற்சியைத் தூண்டுவதே முதன்மை. அழற்சி நோயெதிர்ப்பு அணுக்களை அவ்விடத்துக்கு அழைக்கிறது. வந்தவை அங்குள்ள புற்றணுக்களையும் சேர்த்துத் தாக்குகின்றன. மருந்து ஏற்றிய பின் நோயாளிக்குக் காய்ச்சலும் சிறுநீர் எரிச்சலும் வருவது இதனால்தான்.

அழற்சிக்கு மறுபக்கமும் உண்டு. ஆறாமல் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் அழற்சி புற்றுநோய்க்கு வழிவகுக்கும் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே ருடால்ப் விர்சோ கருதினார். நெடுநாள் கல்லீரல் அழற்சியும் இரைப்பை அழற்சியும் இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள். குறுகிய காலம், குறிப்பிட்ட இடத்தில் மூட்டப்படும் அழற்சி மருந்தாகிறது. அணையாமல் கனன்றுகொண்டிருக்கும் அழற்சி நோயாகிறது.

எல்லா நோயாளிகளுக்கும் இம்மருத்துவம் பலன் தருவதில்லை. இங்கும் செங்கல்பட்டின் பழைய கேள்வியே எழுகிறது: ஒரே மருந்து ஏன் ஒருவருக்குப் பயன்பட்டு மற்றவருக்குப் பயன்படவில்லை? நெதர்லாந்தின் மிகாய் நெட்டியா குழுவினர் 2012-இல், பி.சி.ஜி. பெற்றவர்களின் வெள்ளணுக்களில் மரபணுவின் எழுத்துகள் மாறாமல், அவற்றைத் திறந்து மூடும் முறை மாறுவதைக் காட்டினர். இப்படிப் பயிற்சி பெற்ற அணுக்கள் வேறு கிருமிகளையும் விரைந்து எதிர்க்கின்றன. 2014-இல் அவர்களே, அணு தன் கழிவைத் தானே செரிக்கும் செயலோடு தொடர்புடைய ஏ.டி.ஜி.2பி என்ற மரபணுவின் ஒரு மாற்றம், பி.சி.ஜி. மருத்துவத்துக்குப் பின் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் திரும்ப வருவதோடு தொடர்புடையது என்று கண்டனர். 2020-இல் கொரோனா காலத்தில் சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களில் முதியோருக்கு பி.சி.ஜி. கொடுத்து ஆராய்ந்ததும் இந்தப் பயிற்சிக் கருத்தின் அடிப்படையில்தான்.

தொழுநோய் ஆய்வும் புற்றுநோய் நிலையமும்

செங்கல்பட்டு மாவட்டம் 1990-களில் மற்றொரு பெரிய ஆய்வுக்கும் களமாயிற்று. நான்கு தொழுநோய்த் தடுப்பூசிகள் அங்கு ஒப்பிடப்பட்டன. பி.சி.ஜி. மட்டும் 34.1 விழுக்காடும், பி.சி.ஜி.யோடு கொல்லப்பட்ட தொழுநோய் நுண்ணுயிர் சேர்ந்தது 64 விழுக்காடும், ஐ.சி.ஆர்.சி. என்ற தடுப்பூசி 65.5 விழுக்காடும், எம்.டபிள்யூ. என்பது 25.7 விழுக்காடும் பாதுகாப்பு தந்தன. காசநோய்க்குக் கைகொடுக்காத பி.சி.ஜி. அதே மண்ணில் தொழுநோய்க்கு ஓரளவு கைகொடுத்தது.

இவற்றில் ஐ.சி.ஆர்.சி. என்பது மும்பையில் இருந்த இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தின் பெயர்ச் சுருக்கம். அந்நுண்ணுயிர் அங்கு வளர்க்கப்பட்டது. ஜி.பி. தல்வார் உருவாக்கிய எம்.டபிள்யூ. பின்னர் நுரையீரல் புற்றுநோயின் ஒரு வகைக்குத் துணை மருந்தாக இந்தியாவில் விற்பனைக்கு வந்தது.

இன்றைய நிலை

இந்தியாவில் 1978 முதல் பி.சி.ஜி. தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் உள்ளது. பிறந்தவுடன் ஒரே ஒரு முறை இடது மேற்கையில் தோலுக்குள் போடப்படுகிறது. சில வாரங்களில் சிறு கட்டி எழுந்து, உடைந்து, தழும்பாவது இயல்பு. அதற்கு மருந்து தேவையில்லை. தழும்பு உண்டாகாவிட்டாலும் மறு ஊசி தேவையில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஊசி போட்டாயிற்று என்பதால் வளர்ந்தபின் காசநோய் வராது என்று எண்ணுவது தவறு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சோதனையும் மருந்தும் அங்கு இலவசம்.

பயன் இல்லை என்ற முடிவை மறைக்காமல் வெளியிட்டதே செங்கல்பட்டு ஆய்வின் பெருமை. கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்ட 2,81,161 பேரில் பெரும்பாலோர் அதனால் தமக்கென எதையும் பெறவில்லை. ஆனால் உலகெங்கும் புதிய காசநோய்த் தடுப்பூசியைத் தேடும் ஒவ்வொரு முயற்சியும் இன்றுவரை அவர்கள் தந்த விடையிலிருந்துதான் தொடங்குகிறது.